ஓரம் இல்லாத வரைபடம்

விளையாட்டுக்குக்கூட ஓர் உயிரைக் கொல்ல மாட்டேன் என்று சொன்னவள் சம்யுக்தா. பேச்சுக்குச் சொன்னதல்ல. நிஜமாகவே ஒரு விளையாட்டில், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கச் சொன்னாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் வசந்த் நடத்தும் மொபைல் கடையின் மாடியில்தான் அந்த ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டுகிறேன், மரத்தில் ஏறுகிறேன் என்று வாயால் சொல்லிச் சொல்லியே இல்லாத ஓர் உலகத்தில் நடமாடுவார்கள். சொன்னது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பல முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். இதைக் கேள்விப்பட்ட தெருக்காரர்கள், ஏழு கழுதை வயசாகியும் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். சீட்டாடி வீட்டை விற்றவர்களை அதே தெருதான் எழுந்து நின்று கும்பிடுகிறது.

கதையில் பூதம் வரும், ராட்சசப் பல்லி வரும். வசந்த்தும் திரிஷாவும் வெட்டிச் சாய்ப்பார்கள். திரிஷா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள்; வாரமெல்லாம் ஊசியும் கையுமாக இருந்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை வாளும் கையுமாக இருப்பாள். சம்யுக்தா மட்டும் முதல் நாளே பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

“காகிதத்துல இருக்கிற பூதம்தானேக்கா,” என்றான் வசந்த்.

“காகிதத்துல இருந்தா அதுக்கு வலிக்காதாப்பா? நான் ஜைனப் பொண்ணு. எறும்பைக்கூட முறத்துல தள்ளி வெளிய விடறவங்க நாங்க.”

கதை சொல்லிக்கொண்டிருந்தது அவள் கணவன் மகாவீர். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, யாரையும் கொல்லத் தேவையில்லாத ஒரு வேலையை அவளுக்காக அந்த உலகத்தில் உண்டாக்கினான். கதையில் வரும் ஊருக்கு நெடுங்கரை என்று பெயர். அதற்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இரண்டுக்கும் அவள்தான் காவல்காரி. வருகிறவர்களை யாரென்று கேட்டுத் திறக்க வேண்டும், போகிறவர்களுக்குத் திறந்துவிட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். சம்யுக்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மகாவீருக்கு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மில்லில் அவன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் கிடையாது. அந்தச் சத்தத்தில் திறந்தாலும் பிரயோசனமில்லை. சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் கொட்டிவிடுவான். உலகத்தை வரைந்ததும் அவன்தான். சம்யுக்தா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். காந்தி ரோட்டில் ஒரு கடையின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு வைத்து மயிலும் அன்னமும் போடுவாள். அங்கே மிச்சமாகும் கிராஃப் தாள்களை அவனுக்குக் கொண்டுவந்து தருவாள். அவற்றை ஒட்டி ஒட்டித்தான் அவன் ஆறும் மலையும் வரைந்தான்.

அவர்கள் மேசைக்கு இரண்டே சட்டம். வரைபடத்தில் இருப்பதுதான் உலகத்தில் உண்டு. அதில் இல்லாதது இல்லை. இது ஒன்று. ஒருவர் எடுத்த வேஷத்துக்கு இன்னொருவர் வாய் கொடுக்கக் கூடாது. இது மற்றொன்று. அவனவன் ஆளுக்கு அவனவன்தான் பேச வேண்டும்.

ஒரு வாரம் மகாவீருக்குத் தானும் உள்ளே போய் நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஊரெல்லாம் கட்டிவைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தே இருக்கிறேனே என்றான். அன்றைக்குக் கதை சொல்லும் நாற்காலியை வசந்த்திடம் கொடுத்துவிட்டு, தூதன் வேஷம் ஒன்றை எடுத்துக்கொண்டான். நாள் முழுக்க நெடுங்கரைத் தெருக்களில் திரிந்துவிட்டுக் கிழக்கு வாசலுக்கு வந்து நின்றான்.

“அண்ணா, மேப் அங்க முடிஞ்சுபூடுது,” என்றான் வசந்த்.

“அதான் போய்ப் பாத்துட்டு வரேன்பா. வந்து சொல்றேன். அப்பால வரைஞ்சுக்கலாம்.” பிறகு மனைவியைப் பார்த்து, “காவல்காரம்மா, கொஞ்சம் கதவைத் தொறக்கிறது,” என்றான்.

சம்யுக்தா திறந்துவிட்டாள். அடுத்த வாரம் மழை நாளில், மில்லிலிருந்து வண்டியில் திரும்பும்போது, வாலாஜாபாத் சாலையில் லாரி ஒன்று அவன்மேல் ஏறிவிட்டது. தோளில் மாட்டியிருந்த பையில் வரைபடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பையை அவளிடம் கொடுத்தபோது உள்ளே பிசைந்த மாவுபோல ஒன்றுதான் இருந்தது.

இதற்குப் பிறகு மற்ற வீடாக இருந்தால் அழுவதற்கென்று சில நாட்கள் வந்திருக்கும். கருமாதி, மாசியம், திவசம், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு என்று ஊர் உலகம் தன் துக்கத்துக்குத் தவணை வைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் அது எதுவும் கிடையாது. மாமியார் மதனவதி சமணக் கொள்கையில் பாறை மாதிரி. உயிர் ஓர் உடம்பை விட்ட நொடியே அடுத்த உடம்புக்குள் போய்விடும். நடுவே ஆவியாக அலைவது, பசியோடு வாசலில் நிற்பது என்பதெல்லாம் பொய். படையல் போட்டால் தின்ன யாரும் இல்லை. மகன் போன மூன்றாம் நாளே அவன் சட்டைகளை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். படம் மாட்டவில்லை, மாலை போடவில்லை. அவன் பெயரையே அவள் வாய் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

“எங்கயோ பொறந்திருப்பான். யாருக்கோ புள்ளையா இருப்பான். நாம அழுது அந்த உயிரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது,” என்று மருமகளிடம் ஒரே தடவை சொன்னாள்.

சம்யுக்தா அதை நம்பினாள். சின்ன வயதிலிருந்து நம்பியதுதான். ஆனால் நம்பிக்கை வேறு, தவிப்பு வேறு. பக்கத்து வீட்டு மாடியில் காக்கையைக் கூப்பிடும் சத்தம் கேட்கும்போது அவளுக்குப் பொறாமையாக இருக்கும். கூப்பிட அவர்களுக்கு ஒரு காக்கையாவது இருக்கிறதே என்று வயிறு எரியும். மில் விடும் நேரத்துக்குத் தெருமுனையில் ஒரு வண்டி வேகம் குறைந்தால் அவள் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போய்விடும். அப்படி யாருமில்லாத தெருவைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு வருவது அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது.

ஆட்டம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வசந்த் ஒருநாள் டிசைன் கடைக்கே வந்துவிட்டான்.

“அக்கா, ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கிறோம். அண்ணன் கட்டின ஊரை அப்படியே விட்டுட முடியல. ஆனா மேப் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப இதுக்குன்னே சாஃப்ட்வேர் நிறைய வந்திருக்குது. நீங்க டிசைன் ஆளு. எது நல்லாருக்குதுன்னு பாத்து, ஒண்ணை முடிவு பண்ணி வரைஞ்சு குடுங்க.”

“அவரோட ஆள் என்னப்பா ஆவாரு? அந்தத் தூதன்?”

வசந்த் செருப்பைப் பார்த்தான். “வழியில செத்துட்டாருன்னு நான் ஒரு வரி சொல்லிடறேன்க்கா. அதோட முடிஞ்சுடும்.”

“யாரு சொன்னா செத்துட்டாருன்னு? கெழக்கால என்ன இருக்குதுன்னே தெரியாது. நீயா கொன்னுடுவியா?”

குரல் ஏறிவிட்டது. பக்கத்து மேசையில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்த் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நீங்க வரையறதுதான்க்கா, கெழக்கால நீங்க எதை வரையறீங்களோ அதுதான் என்று சொல்லிப் போய்விட்டான். போகிற போக்கில் தன் மீது எதைத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறான் என்பது அப்புறம்தான் சம்யுக்தாவுக்கு உறைத்தது. வரைபடத்தில் இருப்பதுதான் உண்டு. கிழக்கே அவள் பாலைவனம் போட்டால் அவன் தாகத்தில் செத்தான். ஊர் போட்டால் எங்கோ ஓர் ஊரில் அவளை மறந்துவிட்டு இருக்கிறான். ஒன்றுமே போடாவிட்டால் அவன் எங்குமே இல்லை.

முதலில் பார்த்தது இணையத்திலேயே திறந்து வேலை செய்கிற ஒன்று. மாத வாடகை கட்டினால் எல்லாம் திறக்கும், கட்டாவிட்டால் படத்தின் குறுக்கே அவர்கள் பெயரைப் போட்டு மானத்தை வாங்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்ததெல்லாம் பனிமலை, ஊசியிலை மரம், கூம்புக் கோபுரம் வைத்த கோட்டை. ஒரு பனைமரம் கிடையாது. ஏரிக்கரை கிடையாது, மணலோடு கிடக்கிற ஆறு கிடையாது. கோயில் என்று தேடினால் உடைந்த தூண் இரண்டு வந்தது. இதை வைத்துக்கொண்டு நெடுங்கரையை வரைந்தால் ஊரே குளிரில் விறைத்துப் போகும் என்று சொல்லிக்கொண்டாள்.

அதில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் அதுவே ஒரு நாட்டை வரைந்து கொடுத்துவிடும். ஆறு, கடல், சாலை, ஊர்ப் பெயர்கூட. பிடிக்கவில்லையா, மறுபடி அழுத்தலாம். முந்தினது போய்ப் புதிது வரும். சும்மா ஒரு தடவை அழுத்தினாள். வந்த நாட்டின் கிழக்கு ஓரத்தைப் பெரிதாக்கிச் சாலையோரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். தான் என்ன தேடுகிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே புரிந்தது. புரிந்த பிறகும் விரல் நிற்கவில்லை. மாமியார் சொல்லும் அடுத்த பிறவி இப்படித்தான் இருக்குமோ? ஓர் அழுத்தலுக்கு ஒரு புது நிலம், யாரோ வைத்த ஊர்ப் பெயர், பழைய நிலத்துக்குத் திரும்ப வழியில்லை. இத்தனை நாட்டில் எதில் அவனைத் தேடுவது? மதியம் பூராவும் அழுத்திக்கொண்டே இருந்துவிட்டுக் கண்ணெரிச்சலோடு எழுந்தாள். அதை வேண்டாமென்று விட்டாள்.

இரண்டாவது, ஒரே தடவை வாங்கிக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொள்வது. நெட் தேவையில்லை. நாமே வரைந்த பொம்மைகளைச் சேர்க்கலாம். அவள் பனைமரம் வரைந்து சேர்த்தாள், கோபுரம் வரைந்து சேர்த்தாள். தூரிகையை இழுத்தால் மரங்களை அதுவே முன்னும் பின்னுமாக இறைத்துவிடும். லேப்டாப் பழையது, அவ்வப்போது மூச்சு வாங்கி நின்றது. மற்றபடி குறை சொல்ல முடியாது. கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு பனந்தோப்பை இறைத்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் பொம்மை நின்றது. தோளில் பை.

அவள் அப்படி ஒரு பொம்மையை வரையவில்லை. தூரிகையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தாள், மரங்கள்தான் இருந்தன. வசந்த்துக்குப் போன் போட்டாள்.

“அளவு பாக்கறதுக்கு அவங்களே ஒரு ஆளைப் போட்டு வெச்சிருப்பாங்கக்கா. டெலிட் பண்ணிடுங்க,” என்றான்.

அழித்தாள். மறுநாள் திறந்தபோது பொம்மை இருந்தது. தானே சேமித்துக்கொள்ளும் பழைய பிரதி திறந்திருக்கும், அது இயல்புதான். ஆனால் நேற்று தோப்புக்கு நடுவே நின்ற ஆள் இன்றைக்குத் தோப்பைத் தாண்டி இருந்தான். அவள் கையே மவுஸில் பட்டு நகர்த்தியிருக்கலாம். நிச்சயம் அப்படித்தான் இருக்கும். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. நாளைக்கும் திறந்து பார்க்க வேண்டும், நாளை மறுநாளும் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்படியே போனால் தான் வேலைக்குப் போக மாட்டோம், குளிக்க மாட்டோம், இதன் முன்னால் உட்கார்ந்தே இருப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதையும் மூடினாள்.

மிச்சம் இருந்தது கடையில் தினமும் புழங்குகிற டிசைன் மென்பொருள். புடவைக்குச் செய்தது, நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதில் எதுவும் தானாக வராது. ஒவ்வொரு கட்டத்தையும் அவள் கைதான் நிரப்ப வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். கடை வேலை முடிந்த நேரங்களில் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து, அவன் வரைந்திருந்ததை ஞாபகத்திலிருந்து எடுத்து எடுத்து வைத்தாள். ஆறு, மேட்டுத் தெரு, இரண்டு வாசல்கள், கிழக்குச் சாலை. கிழக்கே பழைய வரைபடம் எங்கே நின்றதோ அங்கேயே தானும் நின்றுகொண்டாள். முடிவெடுக்கப் பயந்துதான் நின்றாள்.

வேலை முடித்து அச்சுக்குக் கொடுத்தபோது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வசந்த் கடை மாடியில் தாளை விரித்தார்கள். நாலு நாற்காலியில் மூன்றில் ஆள். நெடுங்கரையைப் பார்த்ததும் திரிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே இருக்குதுக்கா என்றாள்.

வசந்த் ஆற்றின்மேல் விரலை வைத்துக் கிழக்கே கொண்டுபோனான். ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மேற்கு ஓரத்தைப் பார்த்தான், மறுபடி கிழக்கைப் பார்த்தான்.

“இன்னாக்கா இது, புடவையா?”

“ஏம்பா?”

“இங்க வெளிய போற ஆறு அங்கிருந்து உள்ள வருது பாருங்க. அதே அகலம். ரோடும் அப்படித்தான்.”

சம்யுக்தா குனிந்து பார்த்தாள். காது மடல் சூடாகிவிட்டது. புடவையில் ஒரு பூவை ஒரு தடவைதான் வரைவார்கள். அதுவே திரும்பத் திரும்ப உடல் முழுக்க ஓடும். அதனால் டிசைனின் இடது ஓரமும் வலது ஓரமும் இழை பிசகாமல் சேர வேண்டும். சேராவிட்டால் நெய்த பிறகு புடவையில் தழும்பு மாதிரி தெரியும். அவள் போட்ட டிசைனில் சேர்க்கை தெரிகிறதென்று எந்தத் தறியிலிருந்தும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பழக்கத்தில் கை உலகத்தையும் புடவையாக நினைத்து ஓரம் சேர்த்துவிட்டது. வேறெந்த ஊரிலும் ஒருத்தி இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

மூவரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். திரிஷா விளையாட்டாகத் தாளைச் சுருட்டிக் குழாய் மாதிரி பிடித்தாள். கிழக்கு மேற்கோடு ஒட்டிக்கொண்டது. ஆறு எங்கே சேர்ந்தது என்றே தெரியவில்லை. குழாயைத் திருப்பிக்கொண்டே வந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“அக்கா, அப்ப கெழக்கால போனா மேக்கு வாசல்ல வந்து சேரலாம்.”

குழாயைப் பிரித்துத் தாளை மறுபடி மேசைமேல் விரித்தாள்.

“மேப்ல இருக்குறதுதானே உண்டு. அண்ணன் வெச்ச சட்டம்தானே,” என்றாள் திரிஷா. “அண்ணன் போயி எம்மா நாளாச்சு. நடந்துக்கினேதானே இருந்திருப்பாரு. சுத்தி வந்திருப்பாரு. ஒரு தடவை இல்ல, எத்தினியோ தடவை வந்து கதவைத் தட்டியிருப்பாரு.”

“தொறக்கிறதுக்கு நாமதான் இல்ல,” என்றான் வசந்த் மெதுவாக. “ஆட்டத்தையே நிறுத்திட்டோமே.”

சம்யுக்தா தாளில் மேற்கு வாசலைப் பார்த்தாள். கதவு தட்டும் சத்தத்துக்காக எத்தனை சாயங்காலம் வீட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டியது இங்கே. அவள் இல்லாத இந்த வாசலில். ஊர் இருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டு, மறுபடி நடந்திருப்பான்.

“கதை சொல்லுப்பா,” என்றாள்.

“அக்கா, வேணாம்.”

“வசந்த், சொல்லு.”

அவன் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு ஆரம்பித்தான். “நெடுங்கரை. பொழுது சாயற நேரம். மேக்கு வாசலுக்கு வெளிய காலடிச் சத்தம் கேக்குது. யாரோ வந்து நிக்கிறாங்க.”

“தொறக்கிறேன்.”

“தொறந்துடுச்சு.”

“யாருன்னு கேக்கறேன்.”

வசந்த் வாயைத் திறந்தான், மூடினான். மகாவீரின் ஆளுக்கு மகாவீர்தான் பேச வேண்டும். மூன்று பேரும் நாலாவது நாற்காலியைப் பார்த்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. கீழே கடையில் யாருடைய போனோ அடித்து அடித்து ஓய்ந்தது.

“நிக்கிறாருக்கா,” என்றான் வசந்த். “அவ்ளோதான் என்னால சொல்ல முடியும். உங்களைப் பாத்துக்கினு நிக்கிறாரு.”

சம்யுக்தா எவ்வளவு நேரம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மற்ற இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வார்த்தை வரட்டும், ஓர் இருமலாவது வரட்டும் என்று அவள் உடம்பு பூராவும் காதாக இருந்தது. வரவில்லை. திரிஷா முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். கடைசியில் வசந்த்தான் எழுந்து விசிறியை அணைத்தான்.

“அக்கா, நான் உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அந்த ஓரத்தை வெட்டிடுங்க. கெழக்க கடலைப் போட்டு முடிச்சுடுங்க. இது ஆட்டம் இல்ல, வேற என்னமோ.”

“சரிப்பா,” என்றாள்.

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் மனசு அதையே சொன்னது. வாயில்லாமல் ஒருவன் உலகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தன்னிடம் விடைபெற்றுப் போனவனைத் தன் கைப்பிசகே இப்படிச் சுற்றவிட்டிருக்கிறது. பிடித்து இழுக்காதே என்று மாமியார் சொன்னது இதைத்தானோ என்னவோ. இழுத்துப் பிடித்தது போதும், கடல் வரைந்து அனுப்பிவிடலாம்.

அடுத்த நாள் கடைக்கு விடுமுறை. பகலிலேயே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீல நிறத்தை எடுத்துக் கிழக்கு ஓரத்துக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தாள். நடுவில் திரிஷா போன் செய்தாள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, ராத்திரி பூரா தூக்கம் இல்ல. வெட்டாதீங்கக்கா. வெட்டிட்டா அண்ணன் எந்த வழியா வருவாரு?”

“வர வேணாம்மா. பேச முடியாம வந்து வந்து நின்னு அவரு என்ன பண்ணுவாரு? கடலைத் தாண்டிப் போயிட்டாருன்னு வெச்சுக்கலாம்.”

“உங்களால முடியுமாக்கா?”

“முடியும்மா,” என்று சொல்லிவிட்டு அணைத்தாள். முடியவில்லை. ஆற்றின் வாயை அடைக்க இன்னும் ஒரு விரற்கடை நீலம் போதும். ஆனால் கை அங்கே போய்ப் போய்த் திரும்பியது. அப்போதுதான் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்து திரும்பினாள்.

மதனவதி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மருமகளின் கம்ப்யூட்டர் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே கிடையாது. கண்ணுக்குக் கெடுதல் என்பாள். இப்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள். ஏச்சு விழப் போகிறது என்று சம்யுக்தா நினைத்தாள். உயிரை இழுக்கிறாயே என்று கேட்கத்தான் போகிறாள்.

“இதுல மகாவீர் எங்க இருக்கான்?” என்று கேட்டாள் மதனவதி.

அந்தப் பெயரை அந்த வாயில் கேட்டு எத்தனை நாளாயிற்று.

“சுத்தி வந்துக்கினு இருக்காரு அத்தே.”

“எந்தப் பக்கமா வருவான்?”

விரலால் தொட்டுக் காட்டினாள். “மேக்கால. இந்த வாசல்ல.”

மதனவதி ஒரு நாற்காலியை இழுத்தாள். திரைக்கு இடது பக்கமாக, மேற்கு வாசலுக்கு நேராக அதைப் போட்டு உட்கார்ந்தாள். கிழவியின் முழங்கால் மருமகளின் முழங்காலில் இடித்துக்கொண்டது. நகர்த்திக்கொள்ளவில்லை.

“அவரால பேச முடியாது அத்தே,” என்றாள் சம்யுக்தா. “அவருக்காக யாரும் பேசவும் கூடாது. வந்து நிப்பாரு. அவ்ளோதான்.”

மதனவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவன் பேசணும்னு இங்க யாரு கேட்டா?” என்றாள். “வந்தா போதும்.”

சம்யுக்தா போட்ட நீலத்தையெல்லாம் ஒவ்வொரு கட்டமாக எடுத்தாள்.